அளவுகோலுக்குத் தப்பியவர்கள்

அமெரிக்கக் கால்பந்து அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸில் வீரர் தேர்வைப் பல ஆண்டுகள் கவனித்துவந்தவர் ஸ்காட் பியோலி. அவர் தன் மேசைமீது டேவ் ஸ்டாக்கெல்ஸ்கி என்பவரின் படத்தை வைத்திருந்தார். அமெரிக்காவிலேயே இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் பேட்ரியாட்ஸ் அவரை 141ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அந்த அணியின் சீருடையில் அவர் ஒரு போட்டிகூட ஆடவில்லை. அதே நாளில், அதே அறையில் இருந்தவர்கள் 199ஆவது ஆளாக டாம் பிராடியை எடுத்தார்கள். பிராடி பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஏழு முறை வென்று, இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே தலைசிறந்தவர் என்று பலராலும் ஏற்கப்பட்டு, 2023இல் ஓய்வுபெற்றார்.

பிராடியை எடுத்ததற்காகப் பியோலியையும் பயிற்சியாளர் பில் பெலிசிக்கையும் உலகமே புகழ்ந்தது. அந்தப் புகழ்ச்சி தலைக்கேறாமல் இருக்கத்தான் ஸ்டாக்கெல்ஸ்கியின் படம். பிராடி இப்படி வருவார் என்று உண்மையிலேயே தெரிந்திருந்தால், அவருக்கு முன்னால் வேறு ஆறு பேரை எடுத்திருப்பார்களா? இன்னோர் அணி கொத்திக்கொண்டு போய்விடுமே என்ற பயமில்லாமல் 199 வரை காத்திருப்பார்களா? கடைசிச் சுற்றுகளில் மாணிக்கம் கண்டெடுப்பதைப் பற்றி எழுதப்படும் பெரும்பாலான கதைகள் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக முறையை மட்டும் சொல்லிவிடுகிறேன். என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை லீக்கில் 32 அணிகள். ஆண்டுதோறும் கல்லூரி ஆட்டத்தை முடித்து வரும் இளைஞர்களை இந்த அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. இதற்கு டிராஃப்ட் என்று பெயர். 1936 முதல் நடக்கிறது. ஏலம் கிடையாது, பணத்தைக் கொட்டி யாரையும் தட்டிச் செல்ல முடியாது. முந்தைய பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. இப்படி ஏழு சுற்று, மொத்தம் 260 பேர் அளவில். வாய்ப்புகளை அணிகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளலாம். முதல் சுற்றைத் தொலைக்காட்சியில் கோடிக்கணக்கானோர் பார்க்கிறார்கள். ஐந்தாம் சுற்று தாண்டும்போது அரங்கம் காலியாகிவிடும். பெயர்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் லீக்கைவிட்டே மறைந்துவிடுகின்றன. இதை மறைக்காமல் சொல்லித்தான் மேலே போக வேண்டும். ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்ட டெரல் டேவிஸ் 1998 பருவத்தில் 2,008 யார்டு ஓடினார். ஏழாம் சுற்றில் வந்த ஷானன் ஷார்ப் இன்று புகழ்மண்டபத்தில் இருக்கிறார். இவர்களை ஒரு பட்டியலாகப் போட்டால் கடைசிச் சுற்றுகள் பொற்சுரங்கம்போலத் தோன்றும். அதே சுற்றுகளில் வந்து சுவடில்லாமல் போன ஆயிரக்கணக்கானோரைப் பக்கத்தில் வைத்தால்தான் படம் முழுமையாகும். பிழைத்தவர்களை மட்டும் எண்ணுவது புள்ளியியலில் மிகப் பழைய பிழை.

அப்படியானால் முதல் சுற்றில் எடுப்பவர்கள் எந்த அளவுக்குச் சரியாக எடுக்கிறார்கள்? நடத்தைப் பொருளியல் ஆய்வுக்காக 2017இல் நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். ஒரே ஆட்ட இடத்துக்கு அடுத்தடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எடுக்கப்பட்டவர்தான் பின்னாளில் அதிகப் போட்டிகளைத் தொடங்கி ஆடினாரா? ஆம் என்பதற்கான வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேம்பட்ட நிலை. அடுத்தடுத்த இருவரிடையே இப்படி என்றாலும், முதல் சுற்றுக்கும் ஏழாம் சுற்றுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் உண்டு, வரிசை பொய்யல்ல. ஆனால் அது மங்கலான வரிசை.

சந்தையோ அதைத் துல்லியமான வரிசையாக நினைத்து விலை வைத்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி ஒவ்வொரு தேர்வு வாய்ப்புக்கும் புள்ளி மதிப்பு போட்டு ஓர் அட்டவணை தயாரித்தது. பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் பெயரால் அது லீக் முழுக்கப் பரவியது. அதில் முதல் தேர்வுக்கு 3,000 புள்ளி, பத்தாவதுக்கு 1,300, முதல் சுற்றின் கடைசியான 32ஆவதுக்கு 590. பிராடி வந்த 199ஆவது இடத்துக்குச் சுமார் 12. வீரர்களின் தரம் இவ்வளவு செங்குத்தாகச் சரியவில்லை என்று மாஸியும் தேலரும் காட்டினார்கள். சம்பளத்தையும் கணக்கில் சேர்த்தால், அணிக்கு அதிக லாபம் தந்தவர்கள் இரண்டாம் சுற்றுப் பக்கம் இருந்தார்கள், உச்சியில் இல்லை. கடைசிச் சுற்றுகளுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது: அங்கே வாய்ப்பு அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது. விலை அவ்வளவு இறங்கிய இடத்தில், அளக்கத் தவறியது எது என்று ஓரளவு தெரிந்தாலே போதும்.

அளவுகோலுக்கு வருவோம். ஒவ்வோர் ஆண்டும் டிராஃப்டுக்கு முன்னால் இண்டியானபொலிஸ் நகரில் கம்பைன் என்ற உடல்திறன் சோதனை நடக்கும். முந்நூற்றுச் சொச்சம் வீரர்கள் அழைக்கப்படுவார்கள். 40 யார்டு ஓட்டம், அதாவது சுமார் 36.6 மீட்டர், 225 பவுண்டு எடையை, நம் கணக்கில் 102 கிலோவை, படுத்தபடி எத்தனை தடவை தூக்க முடிகிறது, நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் தாண்டுகிறார், கூம்புகளுக்கு இடையே எவ்வளவு வேகமாக வளைந்து திரும்புகிறார். பிராடி அங்கே 40 யார்டை 5.28 வினாடியில் ஓடினார். அவரைப்போலப் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளுக்கே அது மிகவும் மெதுவானது. நின்று தாண்டியது 24.5 அங்குலம். சட்டையில்லாமல் அரைக்கால்சட்டையுடன் நிற்கும் அவருடைய அன்றைய படம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது; ஒல்லியான, தோள் அகலமில்லாத உடம்பு.

கம்பைன் எண்களுக்கும் பின்னாளைய ஆட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று ஃபிராங்க் குஸ்மிட்ஸ், ஆர்தர் ஆடம்ஸ் இருவரும் 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பந்தை ஏந்தி ஓடும் ஓட்டவீரர்களின் வேகச் சோதனையைத் தவிர, மற்ற எதிலும் சீரான தொடர்பு தெரியவில்லை என்பது முடிவு. இதைப் படித்ததும் கம்பைனே வீண் என்று சொல்லிவிடத் தோன்றும். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை; இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கம்பைனுக்கு வந்து சேர்பவர்கள் யார்? பள்ளியில் ஆடிய லட்சக்கணக்கானோரில் கல்லூரிக்குத் தேறியவர்கள், அவர்களிலும் முந்நூறு பேர். வேகமில்லாதவர்களும் வலுவில்லாதவர்களும் எப்போதோ வெளியேற்றப்பட்டுவிட்டார்கள். ஒரே சல்லடையில் சலித்தெடுத்த விதைநெல்லில் எது நன்றாக முளைக்கும் என்று மணியின் பருமனைப் பார்த்துச் சொல்ல முடியாது. பருமன் முளைப்புக்கு வேண்டாதது என்று அதற்குப் பொருளில்லை. இதைப் புள்ளியியலார் வீச்சுக் குறுக்கம் என்பார்கள். எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் ஒரு குணம், அவர்களுக்குள் யார் வெல்வார் என்பதைச் சொல்லாது.

இன்னொரு விளைவும் உண்டு, அதுதான் எனக்கு அதிக வியப்பளிப்பது. மெதுவாக ஓடும் ஒருவர் இந்த முந்நூறு பேருக்குள் வந்திருக்கிறார் என்றால், வேகமின்மையை ஈடுகட்டும் வேறு ஏதோ ஒன்று அவரிடம் நிச்சயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் இங்கே வந்தே இருக்க மாட்டார். எனவே தேர்ந்தெடுக்கப்பட்ட கூட்டத்துக்குள் வேகமும் மற்ற திறமையும் ஒன்றுக்கொன்று எதிராகப் போவதுபோலத் தோன்றும். மருத்துவப் புள்ளியியலில் இதை பெர்க்சன் முரண் என்பார்கள். பிராடியின் 5.28 வினாடியைப் பார்த்த அணிகள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: இவ்வளவு மெதுவான ஒருவர் மிச்சிகன் போன்ற பெரிய பல்கலைக்கழகத்தில் எதை வைத்து முதல் குவார்ட்டர்பேக்காக நின்றார்? பதில் அவருடைய கடைசிக் கல்லூரிப் போட்டியிலேயே இருந்தது. 2000 ஜனவரியில் நடந்த ஆரஞ்சு பவுலில் அலபாமாவிடம் பின்தங்கியிருந்த அணியை மீட்டு, 369 யார்டு எறிந்து, கூடுதல் நேரத்தில் 35-34 என்று வெல்ல வைத்தார். பேட்ரியாட்ஸின் குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் டிக் ரேபைன் மிச்சிகனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவருக்காக வாதாடினார். 2001 ஆகஸ்டில் ரேபைன் காலமானார். பிராடி ஒரு போட்டியைத் தொடங்கி ஆடியதை அவர் பார்க்கவில்லை.

எண்களைத் தூக்கியெறிய வேண்டியதில்லை, சரியாகக் கோக்க வேண்டும். ஓட்டவீரர்களின் 40 யார்டு நேரத்தைத் தனியாகப் பார்க்காமல் எடையோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று 2008இல் பில் பார்ன்வெல் ஒரு சூத்திரம் தந்தார்: எடையைப் பவுண்டில் எடுத்து 200ஆல் பெருக்கி, நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். போட்டுப் பார்ப்போம். 190 பவுண்டு எடையுள்ளவர் 4.40 வினாடியில் ஓடுகிறார்: 38,000ஐ 374.8ஆல் வகுத்தால் 101. 220 பவுண்டு எடையுள்ளவர் 4.50 வினாடியில் ஓடுகிறார்: 44,000ஐ 410ஆல் வகுத்தால் 107. நேரத்தை மட்டும் பார்ப்பவர் முதலாமவரை மேலே வைப்பார். களத்தில் மோதப்போகிறவருக்கு இரண்டாமவர்தான் தலைவலி. இயற்பியலும் அதையே சொல்கிறது. எடையைச் சராசரி வேகத்தால் பெருக்கி உந்தத்தைக் கணக்கிட்டால் இரண்டாமவருக்கு ஏறக்குறைய 13 சதவீதம் கூடுதல். கையில் இருந்த இரண்டு எண்களைச் சேர்த்ததைத் தவிர இதில் புதிய அளவீடு எதுவும் இல்லை.

தப்பியவர்கள் எல்லோரும் இப்படி எண்ணின் குறையால் தப்பியவர்கள் என்று சொல்லிவிட்டால் வரலாற்றுக்குத் துரோகம். அளவுகோல் போகாத இடத்தில் இருந்ததால் தப்பியவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள்.

தெற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களைச் சேர்க்காத ஒரு காலம் இருந்தது. அவர்கள் கிராம்ப்ளிங், சதர்ன், அலபாமா ஏ அண்ட் எம், சவுத் கரோலினா ஸ்டேட் போன்ற கறுப்பினக் கல்லூரிகளில் படித்தார்கள், ஆடினார்கள். தேசியப் பத்திரிகைகள் அந்தப் போட்டிகளைப் பெரிதாக எழுதவில்லை. வீரர்களைத் தேடிப் பார்த்து அறிக்கை தரும் என்.எஃப்.எல். ஸ்கவுட்டுகள் அந்தப் பக்கம் அரிதாகவே போனார்கள். வாஷிங்டன் அணி தன் முதல் கறுப்பின வீரரைக் களமிறக்கியதே 1962இல்தான். 1961 டிராஃப்டில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி 14ஆவது சுற்றில் எடுத்த டீக்கன் ஜோன்ஸ், பின்னாளில் எதிரணி குவார்ட்டர்பேக்குகளின் சிம்மசொப்பனமாக இருந்தார். அவரை யாரும் தேடிப் போகவில்லை. ராம்ஸ் ஸ்கவுட்டுகள் வேறோர் ஓட்டவீரரின் ஃபிலிமைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த ஓட்டவீரரையே விரட்டிப் பிடிக்கும் ஒரு கனத்த தடுப்புவீரர் திரையில் தென்பட்டார். அவர்தான் ஜோன்ஸ்.

தற்செயலை முறையாக்கியவர் பில் நன். பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினச் செய்தித்தாளின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர் அவர். ஆண்டுதோறும் கறுப்பினக் கல்லூரிகளின் சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்துப் பத்திரிகையில் ஒரு கனவு அணியை வெளியிடுவார். இதற்காகத் தெற்கு முழுக்க அலைந்து கல்லூரிகளைப் பார்த்தவர், ஒவ்வொரு பயிற்சியாளரோடும் நேரில் பழகியவர். அதே ஊரில் இருந்த ஸ்டீலர்ஸ் அணி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. 1933இல் தொடங்கிய அந்த அணி பல பத்தாண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்தது. நன்னுக்கு அதன்மீது வருத்தம் இருந்தது. அது உரிமையாளர் குடும்பத்தின் டான் ரூனி காதுக்கு எட்டியதும் அவர் நன்னை அழைத்துப் பேசினார். 1960களின் பிற்பகுதியில் பகுதிநேர ஸ்கவுட்டாகச் சேர்ந்த நன், சீக்கிரமே முழுநேரத்துக்கு மாறினார்.

1969இல் பத்தாவது சுற்றில் எல்.சி. கிரீன்வுட் வந்தார், அர்கன்சாஸின் ஒரு சிறிய கறுப்பினக் கல்லூரிக்காரர். 1970இல் மூன்றாம் சுற்றில் சதர்னிலிருந்து மெல் பிளவுன்ட். 1971இல் எட்டாம் சுற்றில் டெக்சஸ் சதர்னிலிருந்து எர்னி ஹோம்ஸ். பிறகு வந்தது 1974.

அந்த ஆண்டு அலபாமா ஏ அண்ட் எம்மில் ஜான் ஸ்டால்வொர்த் என்ற பந்துபிடிப்பாளரைப் பார்க்கப் பல அணிகளின் ஸ்கவுட்டுகள் சேர்ந்து போயிருந்தார்கள். தரை ஈரமாக இருந்தது. ஸ்டால்வொர்த் ஓடினார், நேரம் சுமாராக வந்தது. எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார்கள். நன் மட்டும் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தங்கிவிட்டார். மறுநாள் காய்ந்த தரையில் மறுபடி ஓட வைத்தார். இந்த முறை நேரம் வெகுவாகக் குறைந்தது. அறிவியலாகப் பார்த்தால் நன் செய்தது மிக அடிப்படையான காரியம்: சூழல் கெடுத்த ஓர் அளவீட்டை நம்பாமல், சூழலைச் சரிசெய்து மறுபடி அளந்தார். மற்றவர்கள் கையில் இருந்ததும் ஓர் எண்தான், அவர் கையில் இருந்ததும் ஓர் எண்தான். ஈரத் தரையின் எண் எது, வீரரின் எண் எது என்று பிரித்தறியும் பொறுமை அவரிடம் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் நுட்பமானது. தலைமைப் பயிற்சியாளர் சக் நோல் ஸ்டால்வொர்த்தை முதல் சுற்றிலேயே எடுத்துவிடத் துடித்தார். நன் தடுத்தார். மற்ற அணிகளுக்கு இவரை இந்த அளவுக்குத் தெரியாது, பிந்திய சுற்று வரை நிச்சயம் இருப்பார் என்றார். முதல் சுற்றில் லின் ஸ்வான், இரண்டாவதில் ஜாக் லாம்பர்ட். மூன்றாம் சுற்று வாய்ப்பு அவர்களிடம் இல்லை. நான்காவது சுற்றில், 82ஆவது இடத்தில், ஸ்டால்வொர்த் இன்னும் இருந்தார். ஐந்தாவதில் விஸ்கான்சினின் மைக் வெப்ஸ்டர். அவருடைய ஆட்ட இடத்துக்கு உடம்பு போதாது என்று பலர் ஒதுக்கியவர். டிராஃப்ட் முடிந்த பின், யாருமே எடுக்காத சவுத் கரோலினா ஸ்டேட்டின் டானி ஷெல்லை நன் மூலமாகக் கூட்டிவந்தார்கள். ஐந்து பேரும் இன்று புகழ்மண்டபத்தில் இருக்கிறார்கள். ஓர் அணி ஒரே ஆண்டில் இத்தனை பேரைச் சேர்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடுத்த ஆறு பருவங்களில் ஸ்டீலர்ஸ் நான்கு முறை சூப்பர் பவுல் வென்றது.

வீரரின் மதிப்பைத் தெரிந்துகொள்வது பாதி வேலைதான், அந்த மதிப்பு மற்றவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதையும் தெரிந்துகொள்வது மீதிப் பாதி. ஸ்டால்வொர்த்தை முதல் சுற்றில் எடுத்திருந்தாலும் ஸ்டீலர்ஸுக்கு ஸ்டால்வொர்த் கிடைத்திருப்பார், ஆனால் ஸ்வான் கிடைத்திருக்க மாட்டார். நன்னின் பங்களிப்புக்காக அவரைப் புகழ்மண்டபத்தில் சேர்த்தது 2021இல். அவர் 2014இலேயே இறந்துவிட்டார். இந்தத் தாமதம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இதே காலத்தில் டல்லாஸில் வேறொரு வழியில் முயன்றுகொண்டிருந்தார்கள். அதில் நம் நாட்டவர் ஒருவருக்கும் பங்குண்டு. இந்தியாவில் பிறந்து அலிகாரில் படித்த புள்ளியியலாளர் சலாம் குரேஷி, ஐ.பி.எம்.மின் துணை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். அமெரிக்கக் கால்பந்து அவருக்குத் தெரியாது, தெரிந்ததெல்லாம் கிரிக்கெட். 1960களின் தொடக்கத்தில் கவ்பாய்ஸ் நிர்வாகி டெக்ஸ் ஷ்ராமும் ஸ்கவுட் தலைவர் கில் பிரான்ட்டும் அவரிடம் போனார்கள். ஸ்கவுட்டுகளின் அறிக்கைகளில் வார்த்தைகள்தான் இருந்தன. ஒருவர் சுறுசுறுப்பு என்று எழுதியதும் இன்னொருவர் சுறுசுறுப்பு என்று எழுதியதும் ஒன்றாக இருக்கவில்லை. எல்லோரும் ஒரே கேள்விகளுக்கு ஒரே அளவுகோலில் எண்ணாகப் பதில் தரும்படி குரேஷி படிவங்களை மாற்றி, அவற்றைக் கணினியில் ஏற்ற வழிசெய்தார். இன்று எல்லா அணிகளிலும் தரவுப் பிரிவு இருக்கிறது. அதன் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

கவ்பாய்ஸுக்குப் பொறுமையும் இருந்தது. கடற்படைக் கல்லூரியின் ரோஜர் ஸ்டாபாக் நான்காண்டு ராணுவப் பணி முடித்துத்தான் வர முடியும் என்பதால் மற்றவர்கள் ஒதுங்கினார்கள். கவ்பாய்ஸ் 1964 டிராஃப்டின் பத்தாவது சுற்றில் அவரை எடுத்துவிட்டுக் காத்திருந்தது. 1969இல் வந்து சேர்ந்தவர் அணிக்கு இரண்டு சூப்பர் பவுல் வென்று தந்தார். அதே டிராஃப்டின் ஏழாவது சுற்றில் எடுத்த பாப் ஹேய்ஸ், பின்னர் டோக்கியோ ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் தங்கம் வென்றார்.

அளவுகோலுக்குத் தப்பும் இன்னொரு வகையினர், இடம் மாறியவர்கள். ஜேசன் கெல்சி சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் உதவித்தொகைகூட இல்லாமல் ஓட்டவீரராகச் சேர்ந்து, பிறகு தடுப்புவீரராகி, கடைசியில் முன்வரிசைக்கு வந்தவர். அந்த இடத்துக்கு எடை போதாது என்று 2011இல் ஆறாம் சுற்று வரை தள்ளப்பட்டார். அதே ஆண்டு ஐந்தாம் சுற்றில் வந்த ரிச்சர்ட் ஷெர்மன், ஸ்டான்ஃபோர்டில் பந்து பிடிப்பவராக இருந்து கடைசி இரண்டு பருவங்களில்தான் தற்காப்புக்கு மாறியிருந்தார். இப்படிப்பட்டவர்களின் ஃபிலிமில் தெரிவது பாதி கற்ற ஆட்டம். இன்று எப்படி ஆடுகிறார் என்பதைவிட, ஆட ஆரம்பித்த நாளிலிருந்து எவ்வளவு வேகமாக ஏறியிருக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். சாய்வைக் கணக்கிட வேண்டும், உயரத்தை அல்ல.

இதன் எல்லை வரை போன அணி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடியவர். உயரம் 203 சென்டிமீட்டர், எடை 157 கிலோ. அமெரிக்கக் கால்பந்தில் ஒரு போட்டிகூட ஆடாத அவரை 2018இல் ஏழாம் சுற்றில், 233ஆவது இடத்தில், இன்னோர் அணியிடம் வாய்ப்பை வாங்கி எடுத்தார்கள். முன்வரிசைப் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் அவருக்குக் கால் வைக்கும் முறையிலிருந்து கற்றுக்கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் களமிறங்காமலே கற்றார். 2025 பிப்ரவரியில் ஈகிள்ஸ் சூப்பர் பவுல் வென்றபோது குவார்ட்டர்பேக்கின் இடப்பக்கத்தைக் காத்து நின்றவர் அவர்தான். இங்கே கண்டுபிடிப்பைவிடக் கற்பித்தல்தான் பெரிது என்பேன். ஸ்டவுட்லண்ட் இல்லாத அணிக்கு மைலாட்டாவை எடுத்து என்ன பயன்?

இவ்வளவும் சொன்ன பிறகு பிராக் பர்டியைச் சொல்லாமல் விட முடியாது. சான்ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸ் அணி 2021இல் ட்ரே லான்ஸ் என்ற குவார்ட்டர்பேக்குக்காக மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து மூன்றாவது இடத்துக்கு முன்னேறியது. கல்லூரியில் அவர் தொடங்கி ஆடியவை 17 போட்டிகள். மறு ஆண்டு அதே அணி, அதே அறையிலிருந்து, டிராஃப்டின் கடைசி ஆளாக 262ஆவது இடத்தில் பர்டியை எடுத்தது. அயோவா ஸ்டேட்டில் நான்கு பருவம் நின்று 40க்கும் மேற்பட்ட போட்டிகளைத் தொடங்கியவர் அவர். குவார்ட்டர்பேக்குகளைப் பொறுத்தவரை கல்லூரியில் தொடங்கிய போட்டிகளின் எண்ணிக்கையும், எறிந்த பந்துகளில் சேர்ந்தவற்றின் விகிதமும் நல்ல அறிகுறிகள் என்று டேவிட் லூவின் 2006இலேயே எழுதியிருந்தார். அவர் ஆராய்ந்தது முதல் இரண்டு சுற்று வீரர்களை மட்டும். அதைக் கடைசிச் சுற்றுக்கு அப்படியே நீட்டக் கூடாது. ஆனாலும் காரணம் புரிகிறது. அதிகப் போட்டி என்றால் அதிக மாதிரி. மாதிரி பெருகப் பெருக அளவீட்டுப் பிழை சுருங்கும். 17 போட்டிகளைப் பார்த்தவர்கள் லான்ஸில் தாங்கள் காண விரும்பியதைக் கண்டார்கள். பர்டியிடம் கற்பனைக்கு இடமில்லை. உயரம் குறைவு, எறியும் கை சாதாரணம், எல்லாம் ஃபிலிமில் இருந்தன. பதற்றமில்லாமல் சரியான நேரத்தில் எறிவதும் அதே ஃபிலிமில் இருந்தது.

2022 டிசம்பரில் முன்னால் இருந்த இருவரும் காயமடைந்த பிறகே பர்டி முதல் ஆளானார். 2023இல் 4,280 யார்டு எறிந்தார். அந்தப் பருவம் முடிந்து 2024 பிப்ரவரியில் அணி சூப்பர் பவுலில் ஆடி, கூடுதல் நேரத்தில் தோற்றது. 2023 பருவத்தில் அவருடைய அடிப்படைச் சம்பளம் 8,70,000 டாலர். ஓர் அணி மொத்தமாகச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 22 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. மற்ற அணிகள் இதே இடத்துக்கு நான்கு, ஐந்து கோடி கொடுத்துக்கொண்டிருந்தன. மிச்சமான பணத்தில் மற்ற இடங்களுக்கெல்லாம் நட்சத்திரங்களை வைத்துக்கொள்ள முடிந்தது. கடைசிச் சுற்று வீரர் ஒருவர் தேறினால் அணிக்கு என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடையாது. 2025 மே மாதம் அவருக்கு ஐந்தாண்டுக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது.

பர்டியின் 262, பிராடியின் 199 இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டுமே ஈட்டு வாய்ப்புகள். முந்தைய ஆண்டு தன் வீரர்களை வேறு அணிகளுக்கு இழந்த அணிக்கு லீக் கொடுக்கும் கூடுதல் தேர்வுகள் அவை. பால்டிமோர் ரேவன்ஸ் போன்ற அணிகள் இவற்றைத் திட்டமிட்டுச் சேர்க்கின்றன. கடைசிச் சுற்று வாய்ப்பு ஒவ்வொன்றும் நல்ல வீரரைத் தரும் சாத்தியம் நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்வோம். நான்கு வாய்ப்பு இருந்தால் ஒருவராவது தேறும் சாத்தியம் நூற்றுக்கு 19. பத்து இருந்தால் 40. ஐந்தை ஆறாக்க ஸ்கவுட் பிரிவு பல ஆண்டு உழைக்க வேண்டும். நான்கைப் பத்தாக்க ஒழுங்கான நிர்வாகம் போதும். தேர்வு செய்யும் திறமையில் அணிகளுக்கு இடையே நிலையான வித்தியாசம் மிகக் குறைவு என்பதையும் மாஸி காட்டியிருக்கிறார். ஓர் ஆண்டு நன்றாக எடுத்த அணி மறு ஆண்டும் அப்படி எடுக்கும் என்பதற்கு உறுதியில்லை. அப்படி இருக்கும்போது எண்ணிக்கையைக் கூட்டுவதே நேர்மையான உத்தி.

கடைசியாக ஒரு சிக்கல். இந்த ஆய்வுகள் எல்லாம் வெற்றியை எதை வைத்து அளக்கின்றன? ஆடிய போட்டிகளை வைத்து. யாரை ஆட விடுவது என்று முடிவு செய்பவர் யார்? அவரை எந்தச் சுற்றில் எடுத்தோம் என்று தெரிந்த அதே நிர்வாகம். கூடைப்பந்தில் பேரி ஸ்டாவும் ஹா ஹோவாங்கும் 1995இல் இதை ஆராய்ந்தார்கள். ஒரே அளவு நன்றாக ஆடும் இருவரில், முன்னதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கே அதிக நிமிடங்கள் கிடைத்தன. அணியில் நீடித்ததும் அவர்தான். போட்ட முதலைக் காப்பாற்றும் மனப்பான்மை. ஏழாம் சுற்று வீரருக்கு ஒரு மோசமான வாரம் போதும், வெளியே அனுப்பிவிடுவார்கள். எனவே கடைசிச் சுற்றுகளில் தேறியவர்கள் குறைவு என்று எண்கள் சொல்லும்போது, தேற விடப்பட்டவர்கள் குறைவு என்பதும் அதற்குள் கலந்திருக்கிறது. 2000இல் பேட்ரியாட்ஸ் வழக்கத்துக்கு மாறாக நான்கு குவார்ட்டர்பேக்குகளை அணியில் வைத்துக்கொண்டது, நான்காமவர் பிராடி. அந்தப் பருவம் முழுக்க அவர் எறிந்தது மூன்று பந்து. 2002 பிப்ரவரியில் அவர் முதல் சூப்பர் பவுல் வென்றபோது எதிரணியின் குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர். அவரை எந்தச் சுற்றிலும் எந்த அணியும் எடுக்கவில்லை. ஒரு காலத்தில் அயோவாவின் மளிகைக் கடையொன்றில் இரவுநேரத்தில் அலமாரி அடுக்கிக்கொண்டிருந்தவர்.

இப்போது வீரர்களின் தோள் கவசத்துக்குள் ஒரு சிறு சில்லு இருக்கிறது. யார் எங்கே எவ்வளவு வேகத்தில் ஓடுகிறார் என்பதை வினாடிக்குப் பத்து முறை பதிவுசெய்கிறது. அரைக்கால்சட்டையில் தனியாக ஓடும் ஓட்டத்தை நம்பியிருக்க வேண்டிய கட்டாயம் குறைந்துவிட்டது. லீக்கே இந்தத் தரவின் ஒரு பகுதியை ஆண்டுதோறும் பிக் டேட்டா பவுல் என்ற போட்டிக்காக வெளியிடுகிறது. டிராஃப்ட் வரிசை, கம்பைன் எண்கள், போட்டிக் கணக்குகள் எல்லாம் என்.எஃப்.எல்.வர்ஸ் என்ற திறந்தமூலத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. புள்ளியியல் படிக்கும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது: இறக்கிப் பாருங்கள். குரேஷிக்கும் இந்த விளையாட்டு தெரியாது. இரண்டு விதிகளை மட்டும் விடாதீர்கள். டிராஃப்ட் நாளுக்கு முன் தெரிந்திருந்ததை மட்டும் கணக்கில் எடுங்கள். தேறாமல் போனவர்களின் பெயர்களையும், ஒன்று விடாமல், அட்டவணையில் வைத்திருங்கள்.